மச்சினன் மாத்திரை

“அப்போ பாய்க்குப் போட்ட அதே ஊசியை எங்க வீட்டுக்காரருக்கும் போட்டுட வேண்டியதுதானே?”

“போடவே மாட்டேன்னு சொல்லலம்மா. அவர் உடம்பு கேக்குறது வேற, இவர் உடம்பு கேக்குறது வேறன்னு சொல்றேன்.”

“நோவு ஒண்ணுதானே டாக்டரம்மா? நேத்து நீங்கதான் சொன்னீங்க, ரெண்டு பேருக்கும் செப்சிஸ்னு. ஒரே நோவுக்கு ரெண்டு வைத்தியமா? பாய் காலைல எந்திரிச்சு உக்காந்து இட்லி கேட்டாராம்.”

“அத்தா இட்லி கேக்கல அக்கா, புரோட்டா கேட்டாங்க” என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண். “இட்லிதான் குடுப்பாங்கன்னு நர்ஸ் சொன்னதும் கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் படுத்துட்டாங்க.”

டாக்டர் அனிஷா சிரித்துவிட்டார். அமிர்தம் சிரிக்கவில்லை. முசிறிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆம்புலன்ஸில் வந்து இது ஆறாவது நாள். மன்னார்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் இரண்டாம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போட்டிருந்த இரும்பு நாற்காலி அவளுக்கு வீடாகியிருந்தது. உள்ளே நான்காம் படுக்கையில் அவள் கணவர் ஜெயக்குமார். ஐந்தாம் படுக்கையில் காட்டூர் நஜிமுதீன் பாய். வெளியே பாயின் மகள் அஃப்ஷீனும் அமிர்தமும் ஒரே பிளாஸ்கில் டீ குடித்தார்கள், ஒரே சார்ஜரில் போனைப் போட்டார்கள். உள்ளே யாருக்கு என்ன ஊசி போட்டார்கள் என்பதையும் கேட்டுக் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அமிர்தத்தின் தம்பி வளவன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். ஸ்ரீரங்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் எட்டு வருஷமாக வேலை பார்ப்பவன். டாக்டர் சொல்வது தம்பிக்குத்தான் புரியும் என்று அமிர்தம் ஒவ்வொரு முறையும் அவனைக் கூப்பிட்டு நிறுத்திக்கொள்வாள்.

டாக்டர் கையிலிருந்த படிவத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார். கோடு மேலே ஏறிக் கீழே இறங்கி, தொடங்கிய இடத்தைவிடத் தாழ்ந்து போய்க் கிடந்தது.

“கிருமி ரத்தத்துல கலந்ததும் உடம்போட எதிர்ப்பு சக்தி மொத்தமும் ஒரே நேரத்துல கெளம்பிடும். கிருமியை அடிக்கிற வேகத்துல நம்ம நுரையீரல், கிட்னி எல்லாத்தையும் சேத்து அடிக்கும். அது இந்த மேடு. பாய் இங்க இருந்தார். அவருக்கு அந்த வேகத்தை அடக்குற ஊசி போட்டோம். சில பேருக்கு எதிர்ப்பு சக்தி ஓஞ்சு போயிடும். கிருமியை எதிர்க்கிற செல் இருக்கும். ஆனா கிருமி எதிர்ல வந்து நின்னாலும் அடையாளம் தெரியாது. அது இந்தப் பள்ளம். உங்க வீட்டுக்காரர் இங்க கிடக்கார். இவருக்குப் போய் அடக்குற ஊசி போட்டா?”

அமிர்தம் கோட்டையே பார்த்தாள்.

“எங்க தோப்புக் காவக்காரன் மாதிரின்னு சொல்லுங்க. பன்னி வந்துச்சுன்னா ஊரையே எழுப்பிவிடுவான். வாழையெல்லாம் அவனே மிதிச்சுப் போட்ருவான். ரெண்டு நாள் முழிச்சான்னா, மூணாம் நாள் பன்னி மேலயே தலைய வச்சுத் தூங்குவான்.”

அஃப்ஷீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அதேதாம்மா” என்றார் டாக்டர். “உங்களுக்கு என்னைவிட நல்லா சொல்ல வருது. தூங்குறவனை எழுப்புறதுக்கு ஒரு ஊசி இருக்கு. எல்லாருக்கும் போடுறதில்லை, இன்னும் ஆராய்ச்சியில இருக்கு. ரத்தத்துல ஒரு டெஸ்ட் எடுத்து, நிஜமாவே பள்ளத்துலதான் இருக்காங்கன்னு தெரிஞ்சவங்களுக்கு மட்டும். இவரோட டெஸ்ட் வந்துடுச்சு. ரொம்பக் கீழ இருக்கு. நுரையீரல்ல இன்னொரு கிருமியும் புதுசா வந்திருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். நீங்க கையெழுத்துப் போடணும்.”

“போடுறேன். எழுப்புங்க.”

டாக்டர் உடனே போகவில்லை. பேனாவை மூடித் திறந்தார்.

“ஒண்ணு மட்டும் எனக்கு இடிக்குது. மேட்டுல ஏறாம யாரும் பள்ளத்துல விழறது கம்மி. இவருக்கு ஆரம்பத்துலேருந்தே காய்ச்சலே இல்லைன்னு சொல்றீங்க. கால்ல அவ்வளவு பெரிய புண்ணு, ஆனா காய்ச்சல் இல்லை. பிரஷரும் மருந்து போட்டும் ஏற மாட்டேங்குது. இதுக்கு முன்னாடி ஏதாவது மருந்து சாப்பிட்டாரா? மூச்சுத் திணறல், மூட்டுவலி, எதுக்காவது? ஸ்டீராய்டு மாதிரி?”

“மருந்தா? அவரு ஆஸ்பத்திரி வாசப்படியே மிதிச்சதில்லை. தலைவலிச்சா தைலம் தேச்சுக்குவாரு, அவ்வளவுதான்.”

டாக்டர் வளவனைப் பார்த்தார். “நீங்க மெடிக்கல்ல இருக்கீங்கன்னு நர்ஸ் ஆசீர் சொன்னாரு. உங்களுக்குத் தெரிஞ்சு?”

வளவனின் தலை இரண்டு பக்கமும் அசைந்தது. அதை அசைத்தது யார் என்று அவனுக்குப் பிறகும் விளங்கவில்லை. கண்ணாடிக் கதவு திறந்து, ஒரு மூச்சு குளிர்க்காற்றை வெளியே விட்டு மூடிக்கொண்டது. டாக்டர் உள்ளே போய்விட்டார்.

“கடைக்குப் போயிட்டு வந்துடறேன் அக்கா. அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன்.”

“சாப்பிட்டுப் போ. முகமே செத்துப் போயிருக்கு” என்றாள் அமிர்தம்.

*

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊர் அதன் பாட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மனிதர்களின் உடம்புகள் வண்டி ஓட்டின, கரும்புச்சாறு குடித்தன, சண்டை போட்டன. ஒவ்வொன்றுக்குள்ளும் கண் தெரியாத இருட்டில் ஒரு காவல் நடந்துகொண்டிருக்கிறது என்று நினைக்க அவனுக்கு விநோதமாக இருந்தது. யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் நடக்கிற காவல். மாமாவுக்குள் மட்டும் அது நின்றுபோயிருந்தது.

நின்றதா, நிறுத்தப்பட்டதா?

ஒன்பது மாதம் முன்பு ஜெயக்குமார் போன் செய்திருந்தார். “மாப்ள, முட்டி ரெண்டும் பேச ஆரம்பிச்சிருச்சு. இலை அறுக்கக் குனிஞ்சா எந்திரிக்க முடியல. உங்க கடையில ஏதாவது இருக்கா, இல்ல சோப்பு மட்டும்தான் விக்கிறீங்களா?”

கடைகளில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் வலி என்று வருகிறவர்களுக்கு வலி மாத்திரை ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, அதோடு சின்னதாக வெள்ளை நிறத்தில் ஒன்று. மூன்றையும் கத்தரித்து, ஒரு பழுப்புக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். செட்டு மாத்திரை என்று பெயர். சின்ன வெள்ளைதான் வேலை செய்வது. அது டெக்ஸா. ஸ்டீராய்டு.

வளவன் ஒரு வாரத்துக்கான செட்டுகளைச் சனிக்கிழமைதோறும் முசிறி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவான். அமிர்தம் பஸ் நிலையத்தில் வாங்கிக்கொள்வாள். இரண்டாம் வாரமே ஜெயக்குமாரின் முட்டி பேச்சை நிறுத்தியது. பசி எடுத்தது. மூன்றாம் மாதம் முகம் வட்டமாகி, கன்னம் பளபளத்தது. ஒரு காதுகுத்து விசேஷத்தில் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஆள் தேறிட்டாரே, என்ன சாப்பிடுறீங்க என்று கேட்டவர்களிடம் அவர் வளவனின் தோளில் கை போட்டுச் சொன்னார்: “எல்லாம் மச்சினன் மாத்திரை! பொண்ணு எடுத்த வீட்டுலேருந்து வாராவாரம் சீர் வருது!” அதற்குப் பிறகு ஊரில் அதற்கு அதுதான் பெயர். மச்சினன் மாத்திரை. அது மருந்து என்று யாருக்கும் தோன்றவில்லை. அமிர்தம் டாக்டரிடம் பொய் சொல்லவில்லை.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. கீழே மணலும் தண்ணீரும் பாதிப் பாதியாகக் கிடந்தன. எதிரே தூரத்தில் கோபுரம் வெயிலில் லேசாக நடுங்கியது. உண்மையில் நடுங்கியது பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடிதான்.

வளவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மருந்துப் பெட்டிகளுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளை அவன் படிப்பான். எறும்பு எழுத்தில், இருபுறமும் நிறைந்து, யாரும் படிப்பதில்லை என்று தெரிந்தே எழுதப்பட்ட தாள்கள். மத்தியானத்தில் கடை காலியாக இருக்கும்போது அவற்றை விரித்து வைத்துக்கொண்டு, உடம்பு என்னும் தூரதேசத்தைப் பற்றிய செய்திகள் போல வாசிப்பான். டெக்ஸாவுக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. அது ஆயிரம் மாத்திரை டப்பாவில் வரும்.

ஆனால் மார்கழியில் ஒரு நாள், யாரோ ஒருவரின் டாக்டர் சீட்டுக்காக வரவழைத்த விலை கூடிய பெட்டி ஒன்றில் அதே மருந்து வந்தது. அதில் தாள் இருந்தது. அவன் படித்தான். நீண்ட நாள் எடுத்தால் தொற்றை எதிர்க்கும் சக்தி குறையும். தொற்று வந்தாலும் வெளியே காட்டாமல் மறைக்கும். திடீரென நிறுத்தக் கூடாது. அந்த வரிகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். அன்று சனிக்கிழமை. முசிறிக்கான கவர் ஒட்டித் தயாராக இருந்தது. மாமாவின் பளபளத்த முகம் ஞாபகம் வந்தது. தாளை எட்டாக மடித்து உள்ளே வைத்தான். கவர் பஸ்ஸில் போனது. அடுத்த வாரமும் போனது.

*

கடையில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. டப்பா அதே இடத்தில், மூன்றாம் தட்டில் இருந்தது. வேறு ஏதாவதாக இருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவன், மூடியில் எழுதியிருந்ததை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தான். அது வேறு எதுவாகவும் இல்லை.

“தம்பி, ஒரு செட்டு குடு.”

அழகம்மாள் கல்லாமேசையில் முழங்கையை ஊன்றி நின்றாள். சித்திரை வீதி முனையில் துளசி மாலை விற்பவள். காலையிலிருந்து நின்ற கால்.

“நேத்து நீ இல்லாம அந்தப் பொண்ணு ரெண்டு மாத்திரையைக் குடுத்து ஏமாத்திருச்சு. அந்தச் சின்ன வெள்ளையக் காணோம். அது இல்லாட்டி வலி கேக்க மாட்டேங்குது. காலைலேருந்து எந்திரிக்கவே தெம்பில்ல, தலை சுத்துது.”

வளவன் அவள் முகத்தைப் பார்த்தான். எட்டு வருஷமாகப் பார்க்கிற முகம். கழுத்து மெலிந்து, கைகள் குச்சியாகி, முகம் மட்டும் நிலா போல உப்பியிருந்தது. அதை அவன் இதுவரை பார்த்ததே இல்லை.

“இதை எத்தனை நாளா சாப்பிடுறீங்க?”

“நீ சேந்ததுலேருந்து. ஏன், கணக்கெடுக்க வந்திருக்கியா?”

“நாளைக்கு உங்களை ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.”

“ஆமா, நான் என்ன சாகவா கெடக்குறேன்? வெரசா கட்டித் தா, மாலை வாடுது.”

கொடுப்பதா வேண்டாமா என்று கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு நாள் இல்லாமல் போனதற்கே அவளுக்குத் தலை சுற்றுகிறது. அந்த ஒரு வாக்கியம் அவன் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. மாமா ஆஸ்பத்திரிக்கு வந்து ஆறு நாள். ஆறு நாளாக அவருக்கு யாரும் அந்தச் சின்ன வெள்ளையைக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

இன்றைக்கு மட்டும் ஒரு செட்டைக் கட்டி அழகம்மாளின் கையில் வைத்தான். “நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இங்க வாங்க. கண்டிப்பா வரணும். இதைச் சட்டுனு நிறுத்தவும் கூடாது, இப்படியே சாப்பிடவும் கூடாது.”

“என்ன மாத்திரையோ, என்ன நியாயமோ” என்று அவள் முனகிக்கொண்டே போனாள்.

சுவர்க் கடிகாரம் மூன்றரை காட்டியது.

*

அவன் மாடி ஏறி வந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. நர்ஸ் ஆசீர் அட்டையில் படிவத்தை வைத்துப் பிடித்திருந்தார். அமிர்தம் கையெழுத்தின் முதல் எழுத்தைப் போட்டிருந்தாள். டாக்டர் அனிஷா கதவை ஒரு கையால் திறந்து பிடித்திருந்தார்.

“மேடம், மாமா மாத்திரை சாப்பிட்டாரு.”

மூன்று பேரும் திரும்பினார்கள்.

“டெக்ஸா. நான்தான் குடுத்தேன். முட்டிவலிக்கு. ஒம்பது மாசமா.”

“தினமுமா?”

“காலைல ஒண்ணு. வலி ஜாஸ்தின்னா ரெண்டு.”

“காலைல கேட்டப்ப ஏன் சொல்லல?”

“இல்லைன்னு தலை ஆட்டிட்டேன்” என்றான் வளவன்.

டாக்டர் கதவை விட்டுவிட்டு அருகே வந்தார். “கடைசியா எப்ப சாப்பிட்டாரு?”

“ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னைக்கு வரைக்கும்...”

“இல்ல” என்றாள் அமிர்தம். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது போல நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். “மச்சினன் மாத்திரையவா கேக்குறீங்க? அது மருந்துல சேத்தியா? இலை அறுக்குறப்ப கால்ல கத்தி பட்டுச்சுல்ல, அதுக்கு மூணாம் நாளே நான்தான் நிறுத்துனேன். அது சூட்டு மாத்திரை, புண்ணு சீழ் பிடிக்கும்னு. அவரு கேட்டாரு. ஒளிச்சு வச்சுட்டேன். ஒரு வாரம் எந்திரிக்கவே தெம்பில்லாம கெடந்தாரு. புண்ணு அசதின்னு நெனச்சேன்.”

டாக்டர் ஒரு கணம் கண்ணை மூடினார். திறந்தபோது குரல் வேகமாகியிருந்தது.

“ஆசீர், கார்டிசாலுக்கு ரத்தம் எடுத்துடுங்க. எடுத்த கையோட ஹைட்ரோகார்டிசோன் போடுங்க, ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த இன்னொரு ஊசி இன்னைக்கு இல்லை. படிவத்தை எடுத்து வச்சிடுங்க.”

ஆசீர் ஓடினார்.

“என்னம்மா ஆச்சு? எழுப்ப வேண்டாமா அவர?” அமிர்தம் எழுந்துவிட்டாள்.

“எழுப்பலாம். இன்னைக்கு இல்லை.” டாக்டர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “அந்தச் சின்ன மாத்திரை மாதிரி ஒண்ணை நம்ம உடம்பே தினமும் சுரக்கும். அது இல்லாம பிரஷர் நிக்காது. வெளியிலேருந்து மாசக்கணக்கா வந்துக்கிட்டே இருந்தா, எதுக்கு வேலைன்னு உடம்பு தன் சுரப்பைக் கைவிட்ரும். அப்புறம் வெளியிலேருந்து வர்றதும் நின்னா ரெண்டும் இல்லை. நீங்க சொன்ன காவக்காரன் தூங்கலம்மா. சோறில்லாம மயங்கிக் கிடக்கான். அவனை அடிச்சு எழுப்பப் பாத்திருப்பேன் நான். முதல்ல சோறு. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி அந்த டெஸ்ட். அப்பவும் பள்ளத்துலயே இருந்தா அப்ப எழுப்புவோம்.”

“இப்ப போடுற ஊசி...”

“பாய்க்குப் போட்டோமே, அதேதான்.”

அமிர்தத்தின் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று அஃப்ஷீனுக்குத் தெரியவில்லை, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். “அதைத்தானே டாக்டரம்மா நான் காலைலேருந்து கேட்டுக்கிட்டிருந்தேன்.”

“கேட்டீங்க. பாய்க்கு அடக்குறதுக்காகப் போட்டது, இவருக்கு இல்லாததைக் குடுக்குறதுக்காக. மருந்து ஒண்ணு, காரணம் வேற. அளவும் நாளும்கூட வேறயாத்தான் இருக்கும்.”

“பொழச்சுக்குவாருல்ல?”

“இப்ப சரியான பாதையில போறோம். அதுக்கு மேல இன்னைக்கு நான் எது சொன்னாலும் பொய்யாயிடும்.”

உள்ளே போகும் முன் டாக்டர் வளவன் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் திட்டவில்லை. “உங்களைத் திட்ட எனக்கு இப்ப நேரமில்லை. அஞ்சு மணிக்கு முன்னாடி வந்து சொன்னீங்க பாருங்க, அது போதும். நாளைக்கு வந்து என்னைப் பாருங்க.” கதவு மூடிக்கொண்டது.

அஃப்ஷீன் எழுந்து, டீ வாங்கி வருகிறேன் என்று யாரும் கேட்காமலே பிளாஸ்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அக்காவும் தம்பியும் இருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சாலையில் விளக்குகள் எரியத் தொடங்கவில்லை, ஆனால் வெளிச்சம் குறைந்துவிட்டது. வண்டிகளின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆசீரின் முதுகு நான்காம் படுக்கையின் மேல் குனிந்திருப்பது மங்கலாகத் தெரிந்தது. அந்தச் சொட்டு மருந்து குழாய் வழியாக மாமாவின் கைக்குள் இறங்கி, இருட்டில் மயங்கிக் கிடக்கிறவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போவதை வளவன் நினைத்துப் பார்த்தான்.

அக்கா அடிப்பாள், அழுவாள், ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லுவாள் என்று பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து வைத்திருந்தான். அவள் எதுவும் செய்யவில்லை. புடவைத் தலைப்பின் நுனியைத் திருகித் திருகிக் கயிறாக்கினாள். பிரித்தாள். மறுபடி திருகினாள்.

“நான் நிறுத்துனது தெரியாம செஞ்சது” என்றாள் கடைசியில், கதவைப் பார்த்துக்கொண்டே. “சத்தியமா தெரியாது. நல்லது பண்றோம்னு நெனச்சுத்தான் ஒளிச்சு வச்சேன். அவரு கண்ணு முழிச்சார்னா அதைத்தான் சொல்லுவேன். அவரும் நம்புவாரு.”



அவள் இப்போது அவன் பக்கம் திரும்பினாள். ஆறு நாளாகத் தூங்காத கண்கள். சின்ன வயதில் அவன் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது அப்பாவுக்கு முன்னால் மறைத்து நின்ற அதே முகம்.

“நீயும் தெரியாமதான் அனுப்புனேன்னு சொல்லுடா தம்பி. ஒரே ஒரு தடவை என்னைப் பாத்துச் சொல்லிடு.”